செக் என்றால் நிறுத்து அல்ல

போன வாரம் மூன்று பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். மூவரும் துறைமுகத்தில் கயிற்றுக் கும்பலில் புதிதாகச் சேர்ந்தவர்கள். வருகிற கப்பலை வடம் போட்டுக் கரையோடு கட்டுகிறவர்களுக்குத்தான் கயிற்றுக் கும்பல் என்று பெயர். என் ஆயுசில் நான் பார்த்த ஒரே வேலை அது.

வந்தவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. கப்பலைக் கட்டும்போது இங்கிலீஷில் போடுகிற உத்தரவுகளுக்கெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் அர்த்தம் எழுதி அச்சடித்திருக்கிறார். ஹோல்ட் என்றால் பிடி. சரி. லெட் கோ என்றால் விடு. அதுவும் சரி. மூன்றாவது வரியில் "செக் என்றால் நிறுத்து" என்று இருந்தது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"இத எழுதனவன் வடத்த கையால தொட்டுகீறானா, இல்ல நாற்காலில குந்திகினு எழுதனானா?" என்று கேட்டேன்.

"அப்போ செக்குன்னா இன்னா நைனா?" என்றான் ஒருவன்.

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை எனக்குக் கிடைத்த விதம் தெரியாவிட்டால் அது காதில் ஏறாது. எழுதித் தருகிறேன், போங்கள் என்று அனுப்பிவிட்டேன். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வேறு யாராவது படித்தால் அது அவர்கள் பாடு.

நான் ராயபுரத்தில் மாதாகோயில் பக்கத்துச் சந்தில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போனார். நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் வரை படித்தேன். அதற்கு மேல் படிப்பு என்னை விரும்பவில்லை. முதல் யுத்தம் முடிந்த மறு வருடம் துறைமுகத்தில் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் வாளியில் தண்ணீர் சுமந்தேன். அடுத்த மூன்று வருடம் கயிற்று முனையில் நிற்பவருக்குப் பின்னால் இரண்டாம் ஆளாக நின்றேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

வேலை இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் துறைமுகத்துக்குள்ளேயே அலை புரளும். கட்டிப் போட்ட கப்பலே முன்னும் பின்னும் அலைபாயும். அதனால் கப்பல்காரர் கயிற்றை நம்பாமல் எங்கள் வடத்தையே கொடுப்போம். முன்னங்கைப் பருமன் மணிலா வடம். படகுக்காரர் இருவர் துடுப்புப் போட்டுக்கொண்டு போய் ஒரு முனையைக் கப்பலுக்குக் கொடுப்பார்கள். மறுமுனையைக் கரையில் ஒரு குட்டை இரும்புத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றுவோம். அந்தத் தூணுக்கு எங்கள் பாஷையில் கட்டை என்று பெயர். மூன்று சுற்றுக்கு மேல் மிஞ்சுகிற வால், முனைக்காரன் கையில் இருக்கும்.

கப்பல் நகர நகர வடம் முறுக்கேறும். ஹோல்ட் என்றால் வாலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சுற்றுகள் கட்டையைக் கவ்விக்கொள்ளும், வடம் ஓர் அங்குலம் நகராது. லெட் கோ என்றால் கழற்றி விடலாம். இந்த இரண்டையும் கற்க அரை நாள் போதும். செக் அப்படியல்ல. வடம் நகர வேண்டும், ஆனால் சும்மா நகரக் கூடாது. கப்பல் இழுப்பதற்கு இடம் கொடுத்துக்கொண்டே அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். அப்போது வடம் கட்டையைச் சுற்றி முனகிக்கொண்டே நழுவும். முனகல் சீறலாக மாறினால் கை தளர்ந்துவிட்டது. முனகல் நின்று போனால் கை இறுகிவிட்டது. ஓடிவரும் கப்பலை இறுக்கிப் பிடிக்க எந்த வடத்தாலும் முடியாது, அறுந்துவிடும். அறுந்த வடம் எதிரில் நிற்பது யார் என்று பார்த்து வருவதில்லை. நான் சேர்வதற்கு வெகு காலம் முன்பு அந்தக் கட்டையில் நின்ற ஒருவருக்கு அப்படித்தான் இரண்டு காலும் போயின. வடம் ஓடுகிற நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பது எங்களுக்கு வேதவாக்கு.

எங்கள் மேலாளுக்கு ரொசாரியோ துரை என்று பெயர். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், எங்களைவிடச் சுத்தமாக மெட்ராஸ் தமிழ் பேசுவார். வெள்ளை டிரில் கோட்டு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. மற்ற மேலாட்கள் கரையே அதிரக் கத்துவார்கள். இவர் முனைக்காரனுக்கு இரண்டடி பின்னால் பக்கவாட்டில் நின்றுகொண்டு, கோயிலில் ஜெபம் சொல்கிற குரலில்தான் உத்தரவு போடுவார். "கத்தனா கை இறுகிடும்டா. கை இறுகிட்டா கயிறு செத்துடும்" என்பார். அவர் எங்களுக்குப் போட்ட சட்டம் ஒன்றுதான். "கயித்தப் பாரு. கப்பல பாக்காத. கப்பல நான் பாத்துக்கறேன்."

அவர் சொல்கிற செக் ஒரே மாதிரி இருக்காது. சுருக்கமாகச் சொன்னால் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். இழுத்துச் சொன்னால் தாராளமாகக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தச் சொல்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய அகராதி வாங்கி வந்து பார்த்தேன். தடு, அடக்கு, கண்டி, சரிபார் என்று நாலைந்து அர்த்தம் போட்டிருந்தது. ராயபுரம் ஸ்டேஷனில் டிக்கெட்டைச் செக் பண்ணினார்கள். கிடங்கில் குமாஸ்தா மூட்டைகளைச் செக் பண்ணினார். பள்ளிக்கூடத்து வாத்தியார் "நாக்கைச் செக் பண்ணு" என்று என்னை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! எதிலும் என் வடம் அகப்படவில்லை. ஒருநாள் துரையையே கேட்டேன்.

"ஜட்காகாரன் லகான இழுத்தா குதிர நிக்கும். வுட்டா ஓடும். சந்துல திருப்பறப்போ இன்னா பண்றான்? அது தான்டா செக்" என்றார். பிறகு கிராம்பை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "தமிழ்ல இன்னான்னு கேக்காத. எனிக்கு தெரியாது" என்றார்.

இனி என் மச்சானைச் சொல்ல வேண்டும். ஏழுமலை காத்திவாக்கத்துக்காரன். எனக்கு முன்னால் கயிற்று முனையில் நின்றவன் அவன்தான். அவன் பின்னால் நின்றுதான் நான் தொழில் கற்றேன். அவனுடைய குணம் பிடித்துப்போய் என் தங்கை அஞ்சலையை அவனுக்குக் கட்டிக் கொடுத்தோம். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து, படகுக்கு நல்ல ஆள் வேண்டும் என்று துரை அவனைப் படகில் போட்டு, முனையை என்னிடம் கொடுத்தார். நீச்சலிலும் துடுப்பிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அதனால்தான். அவனோ தன்னை இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான். அந்த ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும்போது, "கட்டையாண்ட நின்னவன்லாம் மேஸ்திரி ஆயிட்டானுங்க" என்று நாலு பேர் எதிரில் சொன்னான். நான் சும்மா இருந்திருக்கலாம். "படகு தள்றவனுக்கு கயித்தப் பத்தி இன்னா பேச்சு?" என்றேன். அவன் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே வேலை, ஒரே கரை. நான் கரையிலிருந்து வட முனையை எறிவேன், அவன் படகில் பிடிப்பான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். அஞ்சலை பாவம், பிள்ளைத்தாய்ச்சி. எனக்கு ஒரு கிண்ணமும் அவனுக்கு ஒரு கிண்ணமுமாகக் குழம்பு ஊற்றிக் கொடுத்து இரண்டு பேரையும் திட்டுவாள். எங்கள் சண்டை கரை முழுவதும் தெரியும்.

கார்த்திகை மாதம், தூறல் விழுந்த ஒரு காலை நேரம். ரங்கூனிலிருந்து மரம் ஏற்றிய கப்பல் ஒன்று கரையை ஒட்டி வந்தது. அதற்கு முன்னால் வேறொரு கப்பல் ஏற்கெனவே கட்டிக் கிடந்தது. ஏழுமலையும் இன்னொரு படகுக்காரனும் வடத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு கப்பலுக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் கட்டையில் மூன்று சுற்று, வால் என் கையில். துரை வழக்கம்போலப் பக்கவாட்டில் நின்றார்.

அப்போது ஓர் அலை உள்ளே புரண்டு வந்தது. கட்டிக் கிடந்த கப்பலின் பின்புறத்தில் படகைக் கொண்டுபோய் மோதியதில் ஏழுமலையின் துடுப்பு முறிந்தது. அதே அலை, வருகிற கப்பலைத் தூக்கி முன்னால் தள்ளியது. கூட இருந்தவன் தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பித்தான். ஏழுமலை முறிந்த துடுப்பால் படகைத் தள்ளப் பார்த்தான். கப்பலின் மூக்கு அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கப்பல் மேலிருந்து காப்டன் "ஹோல்ட்! ஹோல்ட்!" என்று கத்தினார். கரையில் இருந்த அத்தனை பேரும் "புடி! புடி!" என்று அலறினார்கள்.

என் காதருகே துரையின் குரல் மட்டும் மாறவில்லை. "செ...க். முன்சாமி, செ...க்." இழுத்துத்தான் சொன்னார். தாராளமாகக் கொடு என்று அர்த்தம்.

நான் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே, செய்யக் கூடாததைச் செய்தேன். கப்பலைப் பார்த்துவிட்டேன். அதன் மூக்குக்கு நேர் கீழே ஏழுமலையின் சிவப்புத் தலைத்துண்டு தெரிந்தது. நான் கொடுக்கிற ஒவ்வொரு அடி வடமும் அந்தத் தலைத்துண்டை நோக்கித்தான் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. என் தங்கை புருஷன்மேல் நானே கப்பலை விட்டுக்கொண்டிருக்கிறேன்! கை தானாக இறுகிவிட்டது.

முனகல் நின்றது. வடம் ஈர்க்குச்சி போல விறைத்து அதிலிருந்து தண்ணீர் தெறித்தது. ஒரு புரி பட்டென்று விட்டது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கை பிரியவில்லை, கண்ணும் அந்தத் தலைத்துண்டை விட்டு நகரவில்லை.

அப்போது துரை முன்னால் வந்தார். எனக்கும் கப்பலுக்கும் நடுவில், வடத்தின் நேர்க்கோட்டில், யாரும் நிற்கக் கூடாத அந்த இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைக் கோட்டு என் கண்ணை அடைத்தது. வடம் அறுந்தால் முதலில் அவரைத்தான் இரண்டாக்கும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கப்பல நான் பாத்துக்கறேன்னு சொன்னேனா இல்லியா?" என்றார், அதே ஜெபக் குரலில். "கயித்தப் பாரு. செ...க்."

கயிற்றைப் பார்த்தேன். கை கொடுத்தது. வடம் திரும்ப முனகியது. பின்னாலிருந்தவன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் கட்டையிலிருந்து புகை வந்தது. உள்ளங்கைத் தோல் வடத்தோடு போனது. கப்பல் இன்னும் பதினைந்து இருபது அடி போயிருக்கும். ஒரு சத்தம் கேட்டது, முறத்தை மிதித்து உடைத்த மாதிரி. படகுதான். அதன்பின் கப்பல் நின்றது.

ஏழுமலை எகிறி, கட்டிக் கிடந்த கப்பலின் கயிற்றைப் பிடித்துத் தொங்கியிருந்தான். உடல் தப்பியது. இடது கால் மட்டும் படகுப் பலகைகளுக்குள் சிக்கி நசுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கைக்கட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஊரே புடி புடின்னு கத்திச்சாமே. நீ ஏண்ணா வுட்ட?"

"வுடல அஞ்சல. செக் பண்ணேன்."

"இன்னா செக்கு? எண்ண ஆட்ற செக்கா? கயித்த புடிச்சியா, வுட்டியா? அத சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிடிக்கவில்லை என்பது உண்மை. விட்டேன் என்பது பொய். நடுவில் இருந்ததை எந்தச் சொல்லால் சொல்வது? நான் நின்ற நிலையைப் பார்த்து அவளே முடிவுகட்டிவிட்டாள். "கூழு ஊத்தன அன்னிக்கு வெச்ச வன்மத்த தீத்துகின" என்றாள்.

சந்தில் எல்லாரும் அதையே சொன்னார்கள். துரை அஞ்சலை வீட்டுக்கே போய் எடுத்துச் சொன்னார். "உங்க ஆளு, நீங்க அப்டி தான் சொல்லுவீங்க துரை" என்று அவள் மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். எனக்கு முனை வேண்டாம், நிலக்கரிப் பக்கம் மாற்றிவிடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். "கை ஆறட்டும். கட்ட எங்கயும் ஓடாது" என்றார்.

கை ஆறியது. மனசு ஆறவில்லை. பொய்யையே பத்துப் பேர் பத்து நாள் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடும் என்பார்களே, எனக்கு வந்தது. கொடுத்தேனே, அதில் ஒரு விரற்கடையாவது வன்மம் இருந்ததா? படுத்தால் இதே கேள்வி. அஞ்சலைக்குப் பெண் குழந்தை பிறந்ததைக்கூடப் பால்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏழுமலை நொண்டி நொண்டிக் கிடங்கு வாசலில் காவல் வேலைக்கு வந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு விமோசனம். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

குழந்தைக்குக் காது குத்துகிற நாள் வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். என்னைக் கூப்பிடவில்லை. தூரத்து உறவில் ஒருவரை மடி கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாசலில் கோல் ஊன்றுகிற சத்தம் கேட்டது.

"இன்னா மச்சான், ஒனிக்கு தாம்பூலம் வெச்சு அழைக்கணுமா?" ஏழுமலை நின்றிருந்தான். ஒன்றேமுக்கால் வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "தட்டான் வந்து குந்திகினு கீறான். எழுந்து வா."

"நான் ஒன்ன கொல்லப் பாத்தேன்னு ஊரு சொல்துடா" என்றேன்.

"ஊரு கரையில நின்னுகினு பாத்துச்சு. நான் கப்பல் மூக்க பாத்துகினு இருந்தேன்" என்றான். "மெல்ல மெல்ல தான் வந்துச்சு. எகிற நேரம் கீதுன்னு நெனச்சேன். நடுவுல ஒரு தபா டக்குனு நின்னு ஒதறுச்சு பாரு, அப்ப தான் எனிக்கு உயிரே பூட்ச்சு. புடிச்சிட்டான் பாவி, வடம் அறுந்துச்சுன்னா இது மொத்தமா என் மேல ஏறும்னு. அப்பால நீ திரும்ப குட்த்த. அப்ப தான் எகிறினேன்."

நான் பிடித்த அந்த நொடியை எனக்கும் துரைக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"இத்தினி நாளு ஏன்டா சொல்லல?"

"நீ வந்து கேக்கலியே" என்றான். தலையைக் குனிந்துகொண்டு, "படகு தள்றவனுக்கு கயித்தப் பத்தி இன்னா பேச்சுன்னு நீ தான சொன்ன" என்றான்.

இரண்டு கழுதைகளும் காத்திவாக்கம் போய்ச் சேர்ந்தோம். என்னைப் பார்த்ததும் அஞ்சலை குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஏழுமலை கூட்டத்தின் நடுவிலேயே அவளைக் கேட்டான்.

"அஞ்சல, உங்க நைனா தூண்டில்ல பெரிய மீன் மாட்டுனா இன்னா பண்ணுவாரு? இறுக்கிப் புடிப்பாரா?"

"இறுக்கிப் புடிச்சா தூண்டில் நரம்பு அறுந்து பூடும்."

"அப்ப வுட்ருவாரா?"

"ஏன் வுடறாரு? வுட்டுப் புடிப்பாரு" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை என் உள்ளங்கைத் தழும்புக்குப் போனது. குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

அகராதியில் தேடினேன், துரையைக் கேட்டேன். அந்தச் சொல் எங்கள் அப்பாவின் தூண்டிலில் இருந்திருக்கிறது. வம்பு பண்ணுகிற பிள்ளையையும் முறைத்துக்கொண்ட சம்பந்தியையும் விட்டுப் பிடி என்று நாளெல்லாம் சொல்கிற ஜனம் நாங்கள். இங்கிலீஷ் வேலை என்பதால் அதற்குத் தமிழ் இருக்காது என்று இருந்துவிட்டேன்.

தம்பிகளா, புத்தகத்தில் மூன்றாவது வரியை அடித்துவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. காது குத்தும்போது குழந்தை மீன் மாதிரி துள்ளியது. இறுக்கினால் மூச்சு முட்டி அலறுகிறது, தளர்த்தினால் தலையைத் திருப்புகிறது, தட்டான் கையில் ஊசி. கூட்டத்தில் ரொசாரியோ துரையும் வந்திருந்தார், ஏழுமலை சொல்லி அனுப்பியிருக்கிறான். என் பின்னால் இரண்டடி தள்ளி, பக்கவாட்டில் வந்து நின்றார்.

"செ...க், முன்சாமி. செ...க்" என்றார்.

வலது காது சுத்தமாக முடிந்தது. இடது காதில் ஊசி ஏறும்போது நான் தலையைத் தூக்கி அஞ்சலை முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்தக் குழந்தை இப்போது திருவொற்றியூரில் வாத்தியாரம்மா. கம்மல் போடுகிற போதெல்லாம் இடது காதுத் துளை ஒரு நெல்லளவு கீழே இறங்கி இருக்கிறது, மாமா ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று இன்றைக்கும் என்னைத் திட்டுவாள். அவள் அம்மாதான் ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்து, "சும்மா இருடி, அவரு புடிச்சது எனிக்கு தெரியும்" என்பாள்.